கதவு தானாகத் திறந்த கார்

என்னிடம் இருந்த கார் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது. கூரை கிடையாது. மழை வந்தால் பின்னாலிருந்து இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு கித்தான் துணி உண்டு. இங்கிலாந்தில் வேகத்துக்காகவே செய்த வண்டி. சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த ஒருவர் அதை வரவழைத்து வைத்திருந்தார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு அவர் ஊரைக் காலி செய்துகொண்டு மகன் வீட்டுக்குப் போனார். மேஜை, நாற்காலி, கண்ணாடி பீரோ எல்லாவற்றையும் ஆட்கள் போட்டி போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். காரை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, புதுக்கோட்டையில் அரசாங்க லேடி டாக்டர். சென்னையில் படிக்கும்போது கூடப் படித்தவளின் அண்ணன் காரில் ஓட்டக் கற்றிருந்தேன். வாங்கிவிட்டேன்.

பிரசவம் பார்ப்பது என் வேலை. கிராமத்தில் மருத்துவச்சியால் முடியாமல் போனால் யாராவது சைக்கிளில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள். கார் வருவதற்கு முன் மாட்டு வண்டியிலோ, கிடைத்த பஸ்ஸிலோ போய்க்கொண்டிருந்தேன். போய்ச் சேரும்போது பாதிக் கேஸ்களில் நான் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. கார் வந்த பிறகு அது குறைந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நான் ஓட்டிப் போவதைப் பார்க்க, வயலில் வேலை செய்தவர்கள் நிமிர்வார்கள். ஆறு மாதத்தில் அதுவும் நின்றுவிட்டது.

என்னோடு வருவது எங்கள் நர்ஸ். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது பெரியவர். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். நான் படிப்பை முடிப்பதற்கு முன்பே நூற்றுக்கணக்கில் குழந்தைகளைக் கையில் வாங்கியவர். காரில் ஏறி உட்கார்ந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்.

காருக்கு ஒரு வியாதி இருந்தது. தார்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. செம்மண் சாலையில், மாட்டு வண்டித் தடங்களின்மேல் போகும்போது முன்கண்ணாடி நடுங்கும். ஸ்டீயரிங் கையில் உதறும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கதவுகள் முனகும். சில சமயம் ஒரு கதவு தானாகத் திறந்துகொள்ளும். தாழ்ப்பாளை ஒரு தடவை பழுது பார்க்கக் கொடுத்தேன். பிறகு புதிதாகவே போட்டேன். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

குளத்தூர் சாலை ஓரிடத்தில் கண்மாய்க் கரைமேல் ஏறி வலது பக்கமாகத் திரும்பும். ஒரு நாள் காலை அவசரக் கேஸுக்காகப் போய்க்கொண்டிருந்தோம். திரும்பும்போது முன்சக்கரம் தடத்தில் இறங்கியது. கதவு திறந்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்ததைத்தான் பார்த்தேன்.

நிறுத்திவிட்டு ஓடினேன். சிஸ்டர் கரைச் சரிவில் ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார்.

"பை எங்க?" என்று கேட்டார்.

"அது கெடக்கட்டும். கையைக் காட்டுங்க."

"மொதல்ல பையப் பாருங்க டாக்டரம்மா. உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு."

பையில் எதுவும் உடையவில்லை. கைதான் உடைந்திருந்தது. தொட்டதுமே தெரிந்தது. கேஸ் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து மணிக்கட்டுக்குக் கீழே வைத்துத் துணி சுற்றிக் கட்டினேன். திரும்பிப் போய்விடலாம் என்றேன்.

"அங்கிட்டு ஒருத்தி வலியில கெடக்குறா. நாம திரும்புனா அவளுக்கு யாரு இருக்கா? வண்டிய எடுங்க."

போனோம். இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எனக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்தார். ஆண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பிறகு எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டேன். வலியில் வியர்த்துக்கொண்டிருந்தவர், கட்டு காய்வதற்காகக் கையை நீட்டி வைத்தபடி, "கதவ நான் நல்லாத்தான் மூடினேன்" என்றார்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்வேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர் கை உடைந்ததைவிட இது எனக்கு அதிகமாக உறைத்தது. காரை விற்பது, அல்லது உண்மையிலேயே சரிசெய்வது, இரண்டில் ஒன்றுதான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஊரில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறை இருந்தது. அதில் தலைமை ஃபிட்டராக இருந்தவர் கோட்டைப்பட்டினத்துக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி வந்துவிடும். அதனால் இளம் வயதிலேயே எஞ்சின் வேலைக்கு வந்துவிட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். எல்லோரையும் போல நானும் பாய் என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய இரண்டாவது மகள் எங்கள் வார்டில் பிறந்தவள்.

பாய் வந்து கதவைத் திறந்தார், மூடினார், தாழ்ப்பாளைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இந்தக் கதவுல ஒரு கோளாறும் இல்லம்மா."

"பின்ன ஏன் தெறக்குது?"

"ஒரு போஸ்ட்கார்டு இருந்தாக் குடுங்க."

கொடுத்தேன். இடது கதவுக்கும் தூணுக்கும் நடுவே மேல்பக்கத்தில் அதைச் செருகினார். இறுக்கமாக நின்றது. பிறகு வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். சக்கரம் நாலு விரல் எழும்புவதற்குள் கார்டு தானாகக் கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? கூரை வச்ச வண்டின்னா கூரை புடிச்சுக்கிடும். இதுல அது இல்ல. கீழ ரெண்டு இரும்புச் சட்டம் ஓடுது, அவ்வளவுதான். ஈரத்துணியப் பிழியிற மாதிரி வண்டியே முறுக்கிக்கிடுது. தாப்பா என்ன செய்யும் பாவம்?"

நான் இரண்டு தடவை தாழ்ப்பாளுக்கு வைத்தியம் பார்த்திருந்தேன். அன்றே வார்டுக்குப் போய் சிஸ்டரிடம், கதவை அவர் மூடியது சரிதான், வண்டிதான் முறுக்கிக்கொள்கிறது என்று சொன்னேன்.

"அதத்தான நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

இரும்புப் பட்டை வைத்துக் கட்டிவிடலாமா என்று பாயிடம் கேட்டேன். அவர் அவசரப்படவில்லை. "எங்க கட்டுனா எங்க போயி ஒடையும்னு செஞ்சவனுக்குத்தான் தெரியும். சீமைக்கு எழுதிக் கேளுங்க" என்றார்.

எழுதினேன். நோயாளியின் வரலாறு எழுதுவதுபோல, எப்போது ஆரம்பித்தது, எந்த மாதிரிச் சாலையில் அதிகம், என்ன செய்து பார்த்தோம் என்று வரிசையாக எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பெரிய உறை வந்தது. உள்ளே ஒரு நீல வரைபடமும் இரண்டு பக்கக் கடிதமும் இருந்தன. இந்தப் புகார் தங்களுக்குப் புதிதில்லை என்று எழுதியிருந்தார்கள். பின்னால் வந்த வண்டிகளில் தொழிற்சாலையிலேயே சில தாங்கல்களைச் சேர்த்துவிட்டார்களாம். டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு கதவுத் தூண்களையும் இணைக்கும் வளைந்த குழாய் ஒன்று. வண்டியின் அடியில் பெருக்கல் குறிபோல இரண்டு பட்டைகள். தூண்கள் சட்டத்தோடு சேரும் இடங்களில் நாலு முக்கோணத் தகடுகள். பழைய வண்டிகளுக்கும் இவை பொருந்தும். எல்லாம் போல்ட்டு போட்டு இறுக்குவது. வெல்டு வைக்கக் கூடாது.

சாமான்களை அங்கிருந்தே தருவிக்கலாம் என்று பார்த்தேன். அப்போது வெளிநாட்டுச் சாமானுக்குக் கெடுபிடி அதிகம். அனுமதி கிடைக்கவில்லை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

பாய்க்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியும், படம் தெரியும். வரைபடத்தை ஒரு பஸ்ஸின் பானெட்டில் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"இத நாமளே செஞ்சுறலாம்மா."

"கம்பெனிக்காரன் போட்ட மாதிரியே இருக்கணும் பாய். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

"அப்படியே இருக்கும். காயிதத்துல என்ன எழுதிருக்கான்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

நின்றபடியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டாம் பக்கம் பாதி போயிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்துவிட்டது. கடைசிப் பத்தியில் கண்ணை ஓட்டினேன். "கடைசியா நட்டையெல்லாம் நல்லா முடுக்கணும்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் வேலை இல்லாத நேரங்களில் அவர் இதைச் செய்தார். ஒதுக்கிப் போட்டிருந்த பஸ் சேஸிஸ் ஒன்றிலிருந்து பட்டைகளையும் தகடுகளையும் வெட்டினார். குழாயை வளைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வெறும் குழாயைக் காய்ச்சி வளைத்தால் நசுங்கிவிடும். உலர்ந்த மணலை உள்ளே இறுக அடைத்து, இரண்டு முனையையும் மூடி, கரி நெருப்பில் சிவக்க வைத்து வளைத்தார். முதல் குழாய் மடிந்துபோயிற்று. இரண்டாவது வந்தது. ஓட்டைகளைச் சிறியதாகப் போட்டு, போல்ட்டு தட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்ற அளவுக்கு அரத்தால் ராவினார். கறுப்புப் பெயிண்ட் அடித்து வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தபோது, அவை கம்பெனியிலிருந்து வந்தவை அல்ல என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

காரை நாலு முட்டுக்கட்டைகளின்மேல் உயர்த்தி நிறுத்தி, அடியில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொருத்தினார். ஒவ்வொரு நட்டையும் பலம் கொண்ட மட்டும் முடுக்கினார். பிறகு காரை இறக்கினார்.

இடது கதவு மூடவில்லை. மேலே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. வலது கதவு திறக்கவே மறுத்தது.

நான் போனபோது பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கழற்றி வரைபடத்தின் பக்கத்தில் பரப்பி வைத்திருந்தார்.

"ஆறு தடவ அளந்துட்டேன்மா. எல்லாம் சரியா இருக்கு. சரியா இருக்குற சாமான் எப்படித் தப்பாப் பொருந்தும்?"

எனக்கும் தெரியவில்லை. கம்பெனிக்கு மறுபடி எழுதலாம் என்று வீட்டுக்கு வந்து பழைய கடிதத்தை எடுத்தேன். கடைசிப் பத்தியை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். எல்லா நட்டுகளையும் முதலில் தளர்வாக மாட்ட வேண்டும். பிறகு வண்டியை மட்டமான தரையில் அதன் சொந்தச் சக்கரங்களில் நிறுத்தி, கதவுகளை மூடி, அதன் பிறகே முடுக்க வேண்டும். உயர்த்தி வைத்து முடுக்கினால், சட்டம் அந்த நேரத்தில் எப்படித் தொய்ந்திருக்கிறதோ அப்படியே நிலைத்துவிடும். இவ்வளவும் அதில் இருந்தது.

கடிதத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்தேன். மறுநாள் வார்டில் வேலை அதிகம், பட்டறைக்குப் போக நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் அது இல்லை என்று தெரிந்தே சொல்லிக்கொண்டேன். பட்டறையில் அந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடியவர் யாரும் இல்லை. நான் சொல்லாவிட்டால் தெரியப்போவதில்லை. வேறு ஏதாவது ஒரு யோசனைபோல, "கீழே எறக்கி வச்சு முடுக்கிப் பாருங்களேன்" என்று சொன்னால் போதும். அதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அடுத்த நாள் போனபோது என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"பாய், தப்பு ஒங்க மேல இல்ல. கடைசிப் பாராவ நான் சரியாப் படிச்சுச் சொல்லல" என்றேன். எழுதியிருந்ததைத் தமிழில் முழுதாகச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கழிவு நூலால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"முந்தாநாள் சாயங்காலம்."

"முந்தாநாளா?"

"ஆமா."

சுவரோரம் சாய்ந்திருந்த ஒரு குழாயைக் காட்டினார். பெயிண்ட் அடிக்காத புதுக் குழாய், வளைத்து முடித்திருந்தது. "நேத்துப் பூரா இத வளச்சுக்கிட்டு இருந்தேன்மா. பழசுல அளவு தப்புன்னு நெனச்சு."

நான் அந்தக் குழாயின் வளைவைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீங்க மருந்து எழுதுறப்ப ஒரு வரிய விட்டுட்டுக் குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"இதுவும் அப்படித்தானம்மா."

"மன்னிச்சுக்கங்க பாய்" என்றேன். நான் இருந்த வேலையில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. அவர் ஒரு எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, மேலே சாக்கை விரித்தார்.

"உக்காருங்க. மொத எழுத்துலேருந்து படிங்க."

தேதியிலிருந்து ஆரம்பித்து, இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்பதுவரை படித்தேன். ஓர் இடத்திலும் அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "இப்ப வெளங்குது" என்று மட்டும் சொன்னார்.

பட்டறைத் தரை மண் தரை, மேடும் பள்ளமுமாக இருந்தது. மட்டமான தரை என்று ஊருக்குள் தேடியதில் ஒரு ரைஸ்மில்லின் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் கிடைத்தது. பாய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எந்தப் பக்கமும் ஓடாமல் அது நின்ற இடத்தில் காரை நிறுத்தச் சொன்னார். பிறகு அவராக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"ஓடுறப்ப ஆள் ஒக்காந்துதான போகப் போறீங்க? முடுக்குறப்பவும் ஆள் இருக்கட்டும். ரெண்டு பேரும் ஏறுங்க."

சிஸ்டருக்குக் கட்டுப் பிரித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்று வார்டு முழுக்கச் சொல்லியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "ஓடாத வண்டிதான? வாரேன்" என்றார். வந்து உட்கார்ந்து, வழக்கம்போல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கதவுகளை மூடி, வெயிலில் அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அடியிலிருந்து ஸ்பேனரின் சத்தமும், பாயின் மூச்சும் கேட்டன. நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"எங்கிட்டுப் போறீங்க டாக்டரம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சீமைக்கு. நீயும் வாரியா?" என்றார் சிஸ்டர்.

பாய் வெளியே வந்து கதவைத் திறந்து மூடினார். சின்ன ஒரு சத்தம், அவ்வளவுதான். சிஸ்டர் இறங்கிக்கொண்டதும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, கதவை மூடி, போஸ்ட்கார்டை இடுக்கில் செருகினார். கொடும்பாளூர்ப் பக்கம் கல்லும் தடமுமாக இருந்த ஒரு சாலையில் பத்து மைல் ஓட்டினேன். கார்டு விழவில்லை. முன்கண்ணாடி அசையவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி அந்தக் கணமே திரும்பியது. அதற்கு முன் திருப்பியதற்கும் திரும்பியதற்கும் நடுவே ஒரு தயக்கம் இருந்திருக்கிறது. அது போன பிறகுதான் இருந்தது தெரிந்தது.

ஒரு குறையும் வந்தது. முன்பு வண்டி முறுக்கிக்கொண்டு வாங்கிய அடியை இப்போது நாங்கள் வாங்கினோம். ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் தெரிந்தது. "முந்தி கதவு ஆடுச்சு. இப்ப நம்ம எலும்பு ஆடுது" என்றார் சிஸ்டர். அதற்குள் மறுபடி வர ஆரம்பித்திருந்தார். பாய் டயர்களில் காற்றைக் கொஞ்சம் குறைத்தார். பாதி சரியாயிற்று. மீதியைப் பொறுத்துக்கொண்டோம்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் குளத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனோம். இரண்டு நாளாக வலியில் இருந்த பெண். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது, கை மட்டும் வெளியே வந்திருந்தது. அங்கே வைத்து நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பாலம் உடைந்து பஸ் வரவில்லை. மாட்டு வண்டியில் கொண்டுவந்தால் பொழுது சாய்ந்துவிடும், அதுவரை அவள் தாங்கமாட்டாள். வாய்க்கால் ஓரமாக நாங்கள் வந்த வண்டித்தடத்திலேயே திரும்புவது என்று முடிவு செய்தேன்.

அவளை இடது இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தோம். சிஸ்டர் இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கும் குறுகிய பலகையில் முழங்காலிட்டு, அவளுடைய தோள்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் அந்தத் தடத்தில் போகக்கூடாத வேகத்தில் போனேன். ஒவ்வொரு வலது வளைவிலும் அந்தப் பெண்ணின் முழு எடையும் கதவின்மேல் சாய்ந்தது. பின்னாலிருந்து சிஸ்டரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "இந்தா வந்துருச்சு ஆத்தா. இந்தா வந்துருச்சு. கண்ண மூடாத." இடையிடையே என்னிடம், "போங்க, போங்க, நிறுத்தாதீங்க."

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததும் ஆபரேஷன் செய்தேன். தாய் பிழைத்தாள். இரண்டு வருஷம் கழித்து அதே வார்டில் ஒரு மகளைப் பெற்றாள்.

பாய் போட்ட குழாயும் பட்டைகளும்தான் அவளைக் காப்பாற்றின என்று சொல்லமாட்டேன். கயிற்றால் கதவைக் கட்டியும் கொண்டுவந்திருக்கலாம், வழியிலேயே இறந்தும் போயிருக்கலாம். கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் சிஸ்டர் மறுநாள் தானாகப் பட்டறைக்குப் போய் பாயிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டு வந்தார். பாய் கேட்டது ஒரே கேள்விதானாம்: "எந்த நட்டாச்சும் லூசாச்சா?" அன்றைக்கே வந்து அடியில் படுத்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். ஒன்றும் தளரவில்லை.

அறுபதுகளில் கடற்கரை ஊர்களில் எஞ்சின் படகுகள் வர ஆரம்பித்தன. பாய் பட்டறையை விட்டுவிட்டுக் கோட்டைப்பட்டினத்துக்கே போய்விட்டார். ஒரு தடுப்பூசி முகாமுக்காக அங்கே போனபோது கரையில் அவரைப் பார்த்தேன். படகு ஒன்றை மணலில் ஏற்றி வைத்து அதில் எஞ்சின் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. இளநீர் வெட்டிக் கொடுத்தார். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன்.

அதன் பிறகு எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே அரசாங்க ஜீப்பும் டிரைவரும் கொடுத்தார்கள். காரைத் திருச்சியிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் ஓட்டிக்கொண்டு போன அன்று எனக்கு வெளிநோயாளிகள் பகுதியில் கூட்டம். வாசல்வரை போய் வழியனுப்ப முடியவில்லை. ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, பள்ளம் எதிரில் வந்தால் என் வலது கால் பிரேக் போடுவதுபோலத் தானாகத் தரையை அழுத்தும். டிரைவர் அதைக் கவனித்துவிட்டுச் சாலையைப் பார்ப்பார். பல மாதங்களுக்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது.